பழைய பேருன்னா பாரமா?



ஒரு வீட்டில் பெண் குழந்தை பிறந்தால் தொட்டில் கட்டுவதற்கு முன்பே ஆரம்பிக்கிற பேச்சு ஒன்று உண்டு. "பிள்ளைக்கு என்ன பேரு?" என்பதுதான் அது. மாமனார் ஒரு பெயர் சொல்வார், மாமியார் இன்னொன்று சொல்வார், ஜோசியர் நாலு எழுத்தைச் சொல்வார், குழந்தையின் அப்பா செல்போனில் தேடி நாற்பது பெயரை எடுத்து வைத்திருப்பார். பத்து மாதம் சுமந்தவள் மட்டும் ஓரமாகப் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். அதிலும் "பாட்டி பேரைத்தான் வைக்கணும்" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், வீடு இரண்டு கட்சியாகிவிடும்.

இந்த விஷயத்தில் எழுத எனக்குக் கொஞ்சம் உரிமை இருக்கிறது. ஏனென்றால் என் பெயர் உலகம்மாள்!

என்ன, சிரிப்பு வருகிறதா? பரவாயில்லை, எனக்குப் பழகிவிட்டது. தென்காசி காசி விசுவநாதர் கோயிலில் அம்பாளுக்கு உலகம்மன் என்று பெயர். பாபநாசத்திலும் அம்பாள் உலகம்மைதான். அதனால் எங்கள் பக்கத்தில் முன்பெல்லாம் தெருவுக்கு ஒரு உலகம்மாள் இருப்பாள். என் அப்பாவைப் பெற்ற ஆச்சிக்கும் அதே பெயர். மூத்த பேத்தி என்பதால் அது எனக்கு வந்தது. ஆனால் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வகுப்பு முழுக்கப் பிரியா, திவ்யா, ரம்யா, சரண்யா என்றுதான் இருந்தார்கள். நடுவில் நான் ஒருத்தி உலகம்மாள். மேஜை மேல் டீச்சர் உலக உருண்டையைக் கொண்டுவந்து வைத்தால் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்க்கும். பத்தாவது முடிக்கிற வரைக்கும் எனக்கு 'உருண்டை' என்றே பட்டப்பெயர். அப்போது நான் குச்சி மாதிரி இருப்பேன் என்பது வேறு விஷயம்!

வீட்டிலோ வேறு வேடிக்கை. என் அம்மா ஒரு நாள்கூட என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பது அந்தக் காலத்து வழக்கம். அதனால் நான் 'பாப்பா' ஆகிவிட்டேன். என்னை வைவதென்றாலும் "ஏ பாப்பா"தான். ஆச்சியோ, "எம் பேரு வச்ச பிள்ளையை எம் முன்னாடி வையாதீக" என்று திண்ணையில் இருந்தே சத்தம் போடுவாள். பாட்டி பெயரை வைத்த பிள்ளைக்கு வீட்டில் கொஞ்சம் சலுகை உண்டு, சகோதரிகளே. அந்தச் சலுகையை நான் நன்றாகவே அனுபவித்தேன்.

நம் பாட்டிமார் பெயர்களைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெயரைச் சொன்னாலே ஊரைச் சொல்லிவிடலாம். மீனாட்சி என்றால் மதுரை, காமாட்சி என்றால் காஞ்சிபுரம், காந்திமதி என்றால் திருநெல்வேலி, கோமதி என்றால் சங்கரன்கோவில், சிவகாமி என்றால் சிதம்பரம், அபிராமி என்றால் திருக்கடையூர், அகிலாண்டம் என்றால் திருவானைக்காவல், கற்பகம் என்றால் மயிலாப்பூர், நீலாயதாட்சி என்றால் நாகப்பட்டினம். குற்றாலத்து அம்மன் பெயர் என்ன தெரியுமா? குழல்வாய்மொழி! இதைவிட அழகாக ஒரு பெயரை இன்றைக்கு யாராலாவது புதிதாகக் கண்டுபிடிக்க முடியுமா? வேதக்காரப் பிள்ளைகளுக்கு ஞானம்மாள், அன்னம்மாள், லூர்தம்மாள் என்றும், முஸ்லிம் வீடுகளில் பாத்திமா, மரியம், ஆயிஷா என்றும் பாட்டிமார் பெயர்கள் வழிவழியாக வந்திருக்கின்றன.

அதற்காகப் பழையது எல்லாமே நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். மூன்றாவதும் நான்காவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டால் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயர் வைத்த கொடுமை நம் நாட்டில் நடந்திருக்கிறது. அந்தப் பெண் வாழ்நாள் முழுவதும் தன்னை யாரும் விரும்பவில்லை என்பதைத் தன் வாயாலேயே சொல்லிக்கொண்டு திரிய வேண்டுமே! குப்பம்மாள், பிச்சையம்மாள் என்பவை வேறு வகை. பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், இந்தப் பிள்ளையாவது தங்கட்டும் என்று குப்பையில் போட்டு எடுத்தும், பிச்சையாக வாங்கியும் வைத்த பெயர்கள் அவை. கேட்க அசிங்கமாகத் தெரிந்தாலும் உள்ளே ஒரு தாயின் பயமும் பாசமும் இருக்கிறது. ஆகவே பழைய பெயர் என்றதும் முகத்தைச் சுளிக்காமல், அது எப்படி வந்த பெயர் என்று முதலில் கேட்க வேண்டும். வெறுப்பில் பிறந்த பெயர் என்றால் அதை அந்தத் தலைமுறையோடு விட்டுவிடலாம். அந்தப் பாட்டிக்கு மரியாதை செய்ய வேறு வழியா இல்லை?

இப்போது எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் தம்பிக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்துப் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்புதான் எங்கள் அம்மா தவறியிருந்தாள். அம்மா பெயர் காந்திமதி. குழந்தைக்கு மிருகசீரிட நட்சத்திரம். வே, வோ, கா, கி என்று எழுத்துக் குறித்துக் கொடுத்தார் ஜோசியர். 'கா' என்று கேட்டதும் தம்பி கண் கலங்கிவிட்டான். "பாத்தியாக்கா, அம்மாவே வந்து பொறந்திருக்கா" என்றான். பெரியப்பா, சித்தப்பா, சொந்தக்காரர் எல்லோருக்கும் ஏக சந்தோஷம். எனக்கும்தான். அம்மா போனபின் அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லிக் கேட்கவில்லையே என்று எனக்குள் ஒரு ஏக்கம் இருந்தது.

தம்பி மனைவி மட்டும் ஒன்றும் பேசவில்லை. ஒருநாள் பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் விளாவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், "மதினி, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? உங்க பேரு உங்களுக்குப் பிடிக்குமா?" என்றாள்.

நான் உள்ளதைச் சொன்னேன். "பத்து வயசுல பிடிக்கல. கல்யாணம் ஆகுறப்ப பழகிப்போச்சு. ஆச்சி செத்தப்புறம்தான் பிடிச்சுது."

அவள் கொஞ்ச நேரம் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எங்க அம்மா பேரு வடிவு. எனக்கு நாலு வயசுல அப்பா போயிட்டாரு. அம்மாதான் இட்லிக்கடை போட்டு என்னையும் தம்பியையும் வளத்தா. என் பேருக்கு முன்னால அப்பா இனிஷியல்தான் இருக்கு. பத்திரிகையிலயும் அப்பா பேருதான் முன்னால. எங்க அம்மா பேரு ரேஷன் கார்டுல இருக்கு, அவ்வளவுதான் மதினி. அத்தை பேரு வேண்டாம்னு நான் சொல்லல. ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை யாருமே கேக்கலியே!"

எனக்குச் சுருக்கென்றது. அம்மா பெயர் கைநழுவிப் போகிறதே என்று ஒரு பக்கம் வருத்தம். இன்னொரு பக்கம், அவள் கேட்டதில் என்ன தவறு இருக்கிறது? மாமியார் பெயர் என்றால் வம்சம், அம்மா பெயர் என்றால் வெறும் ஆசையா? மகன் வழியில் வருகிற பாட்டி மட்டும்தான் பாட்டியா?

தம்பியிடம் பேசினேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீயே இப்படிச் சொல்லலாமாக்கா? நம்ம அம்மா பேரு உனக்குப் பெரிசா தெரியலையா?" என்றான்.

"பெரிசாத் தெரியுறதாலதான்டா சொல்லுதேன். அம்மா பேரை வச்சுட்டு, பெத்தவ மனசுல ஒரு முள்ளோடயே தெனமும் அந்தப் பேரைக் கூப்பிடணுமா? அது அம்மாவுக்கு மரியாதையா?" என்று கேட்டேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

நாலாம் நாள் விஷயம் எப்படியோ தெரிந்து, தம்பியின் மாமியாரே வந்துவிட்டார்கள். "எம் பேரு என்னத்துக்கு மாப்ள? அது பட்டிக்காட்டுப் பேரு. சம்பந்தியம்மா பேரையே வைங்க. அவுக மகராசி" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். ஆனால் சொல்லி முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை என் தம்பி பார்த்துவிட்டான்.

எங்கள் பெரியப்பா அதுவரைக்கும் பேசாமல் இருந்தவர், அப்போதுதான் வாயைத் திறந்தார். "ஏலே, நெல்லையப்பர் கோயில்ல அம்மனுக்குக் காந்திமதின்னும் பேரு, வடிவுடையம்மைன்னும் பேரு. ரெண்டும் ஒருத்திதாம்லே. இதுக்குப் போயி சண்டையா?" என்றார்.

தம்பி கொஞ்ச நேரம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தான். பிறகு, "சரி, வடிவுன்னே பதிஞ்சிருவோம்" என்றான். யாரும் வற்புறுத்தவில்லை. அவனாகத்தான் சொன்னான்.

பெயர் சூட்டுகிற அன்றைக்கு அத்தை முறையில் நான்தான் பிள்ளையை மடியில் வைத்திருந்தேன். தம்பி மனைவி என் காதோரம் குனிந்து, "மதினி, பிள்ளை காதுல காந்திமதின்னு மூணு தடவை சொல்லிட்டு அப்புறம் வடிவுன்னு சொல்லுங்க. ஜோசியர் சொன்ன எழுத்துக்கும் ஆச்சு, அத்தைக்கும் ஆச்சு" என்றாள். அவள் சொன்ன பிறகு எனக்குக் குரலே வரவில்லை. எப்படியோ சொல்லி முடித்தேன்.

பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர், "வடிவா? இந்தக் காலத்துலயா?" என்று முகத்தைத் திருப்பினார்கள். "பள்ளிக்கூடத்துல வடிவேலுன்னு கூப்பிடுவாங்களே" என்று ஒருத்தி சிரித்தாள். கூப்பிடட்டுமே! பிள்ளைகள் கேலி செய்யாத பெயர் என்று உலகத்தில் ஒன்று உண்டா? என்னோடு படித்த திவ்யாவையும் பிரியாவையும் கேலி செய்யாமலா விட்டார்கள்? ஒரே வகுப்பில் மூன்று பிரியா இருந்ததால் குட்டைப் பிரியா, கறுப்புப் பிரியா, பல்லுப் பிரியா என்று அடைமொழி வேறு. அதைக் கேட்டபோதெல்லாம் என் 'உருண்டை' எவ்வளவோ மேல் என்று தோன்றும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். புதுப் பெயரும் ஒரு நாள் பழைய பெயர் ஆகத்தான் போகிறது. நம் அம்மாக்கள் காலத்தில் லதா, கீதா, மாலா, உஷா எல்லாம் எவ்வளவு நாகரிகம்! இன்றைக்கு அவர்கள் எல்லாம் பாட்டிகள். சினிமா நடிகை பெயரை ஆசையாக வைத்தவர்கள் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டாலே எந்த வருஷம் பிறந்தவள் என்று கணக்குச் சொல்லிவிடலாம். தமிழ் உணர்வு வளர்ந்த காலத்தில் தமிழ்ச்செல்வி, மலர்க்கொடி, கயல்விழி, தேன்மொழி என்று அழகழகாக வைத்தார்கள். பிறகு வாயில் நுழையாத 'ஷ'வும் 'ஸ்ரீ'யும் வந்தன. இப்போது மறுபடியும் யாழினி, ஆதிரை, நிலா என்று தமிழ்ப் பெயர்கள் திரும்பி வருகின்றன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 2022, 2023ஆம் வருஷங்களில் சினிமாவாக வந்தபோது குந்தவை என்கிற பெயர், கதை படிக்காதவர்கள் வாயிலும் வந்தது. குந்தவை எத்தனை நூற்றாண்டுக்கு முந்தைய பெயர்! புடவையில் பழைய கட்டம் போட்ட சேலை திரும்ப வருகிற மாதிரிதான் இதுவும்.

பெயர் பழசாக இருப்பதால் ஒரு பெண்ணின் முன்னேற்றம் நின்றுவிடுமா என்ன? 1886ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி டாக்டருக்குப் படித்து, சட்டசபைக்குள் போய், 1954ல் அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கினார். மதுரையில் பிறந்த எம்.எஸ்.சுப்புலட்சுமி 1998ல் பாரத ரத்னா வாங்கினார். மீனவர் குடும்பத்து லூர்தம்மாள் சைமன் காமராஜர் மந்திரிசபையில் மந்திரியாக இருந்தார். முத்துலட்சுமி, சுப்புலட்சுமி, லூர்தம்மாள்... மூன்றுமே இன்றைக்கு 'ஓல்டு நேம்' என்று ஒதுக்குகிற பெயர்கள்தான். பெயர் அவர்களைத் தூக்கவில்லை. அவர்கள்தான் பெயரைத் தூக்கி நிறுத்தினார்கள்.

சரி, பெயர் வைக்கப் போகிற சகோதரிகளுக்கு, பழைய பெயரோடு முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்துகிற நான் சில யோசனைகள் சொல்கிறேன்.

முதலில், அவசரப்படாதீர்கள். குழந்தை பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும். ஆனால் பெயர் முடிவாகவில்லை என்றால் பெயர் இல்லாமலே பதியலாம். ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வருஷம் வரை சேர்க்க வழி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் யாரோ அவசரப்படுத்துகிறார்கள் என்று வாயில் வந்ததைச் சொல்லி எழுத வைத்துவிடாதீர்கள். ஒருமுறை பெயர் பதிவாகிவிட்டால் மாற்றுவது லேசு இல்லை. பெரியவளான பிறகு மாற்ற வேண்டுமானால் அரசிதழில் வெளியிடுகிற அளவுக்கு அலைச்சல். அதோடு, 2023 அக்டோபர் 1ஆம் தேதிக்குப் பின் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதில் இருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் ஊருக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டமே வந்துவிட்டது. அதனால் அந்தக் காகிதத்தில் ஏறுகிற பெயரை நிதானமாக யோசித்து ஏற்றுங்கள்.

இரண்டாவது, இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று முதலிலேயே ஒன்றாக முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய தமிழ்ப் பெயர்களில்தான் இந்தத் தொல்லை அதிகம். என் பெயரில் வருகிற 'க'வுக்குப் பள்ளிக்கூடத்தில் 'ஜி' போட்டு எழுதினார்கள், ரேஷன் கார்டில் 'கே' போட்டு எழுதினார்கள். மகளிர் குழுக் கடனுக்காக ஒரு பேங்கில் கணக்குத் தொடங்கப் போனபோது, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க எனக்கு நாலு நடை ஆனது. காந்திமதி என்றாலும் இதே கதைதான். பிறப்புச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தை ஆதாரிலும் பள்ளிக்கூடத்திலும் எழுதச் சொல்லுங்கள். யாராவது 'இதுவும் அதே உச்சரிப்புதானே' என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது, பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தெருமுனையில் நின்று கூப்பிடுகிற மாதிரி ஒரு தடவை, டீச்சர் வருகைப் பதிவு எடுக்கிற மாதிரி இனிஷியலோடு ஒரு தடவை, கல்யாணப் பத்திரிகையில் போடுகிற மாதிரி ஒரு தடவை. தொட்டிலில் மட்டும் நன்றாக இருக்கிற பெயர் அறுபது வயதில் பொருந்தாது. பாட்டி பெயரில் ஒரு வசதி, அது அறுபது வயதுக்கு ஏற்கெனவே பொருந்திய பெயர்!

நான்காவது, நீளமான பெயர் என்றால் கூப்பிடும் பெயரையும் சேர்த்தே யோசியுங்கள். காந்திமதியை மதி என்றும், விசாலாட்சியை விசாலி என்றும், அகிலாண்டேஸ்வரியை அகிலா என்றும் கூப்பிட்டால் யாருக்கு நஷ்டம்? நாம் யோசித்து வைக்காவிட்டால் பிள்ளைகள் ஒன்றை வைத்துவிடும். அது உருண்டை மாதிரி ஏதாவதாக இருக்கும்.

ஐந்தாவதுதான் முக்கியம். பிள்ளையைப் பெற்றவளிடம் கேளுங்கள். மருமகள் தலையாட்டுகிறாள் என்பதற்காக அவளுக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாமியார் பெயரை வைப்பதில் அவளுக்கு இஷ்டமே இருக்கலாம். ஆனால் அவளையும் உட்கார வைத்துக் கேட்டு வைத்த பெயரை அவள் கூப்பிடும்போது அதில் ஒரு குளிர்ச்சி இருக்கும். அதேபோல் இளம் தாய்மார்களும், வயதானவர்கள் தங்கள் பெயரைக் கேட்டால் உடனே 'பத்தாம்பசலி' என்று தள்ளிவிடாதீர்கள். சொத்து, நகை எதுவும் இல்லாத ஒரு பாட்டி தன் பேத்திக்கு விட்டுவிட்டுப் போகக் கூடியது அந்தப் பெயர் ஒன்றுதான். வைக்க முடியாது என்றாலும் ஏன் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பக்குவமாகச் சொல்லுங்கள்.

பழைய பெயர் வைத்துவிட்டீர்களா? அப்படியானால் அந்தப் பெயரின் கதையைப் பிள்ளைக்குச் சொல்லிச் சொல்லி வளருங்கள். "உன் பேரு ஏன் இப்படி?" என்று பள்ளிக்கூடத்தில் கேட்டால் அழுதுகொண்டு வரக்கூடாது, "எங்க ஆச்சி இட்லிக்கடை போட்டு ரெண்டு பிள்ளைகளை ஆளாக்குனா. அவ பேரு எனக்கு" என்று நிமிர்ந்து சொல்ல வேண்டும். கதை தெரிந்த பிள்ளைக்குப் பெயர் பாரமாகத் தெரியாது. இது என் அனுபவம்.

எங்கள் வடிவுக்கு இப்போது ஒன்பது மாதம். பெயரைச் சொன்னால் திரும்பிப் பார்க்கிறாள். இட்லிக்கடை ஆச்சியோ, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எம் பேத்தி பேரு என்ன தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலைத் தானே சொல்லிக்கொள்கிறார்களாம்!

உங்கள் வீட்டில் எந்தப் பாட்டியின் பெயர் யாருக்கு வந்தது, சகோதரிகளே? அந்தக் கதையையும் எழுதுங்களேன், படிக்க ஆசையாக இருக்கிறது.

- உலகம்மாள், தென்காசி மாவட்டம்.